கணக்கிட்ட பெண்களும் கற்க வரும் பெண்களும்

ஆங்கிலத்தில் 'கம்ப்யூட்டர்' என்ற சொல் நெடுங்காலம் இயந்திரத்தைக் குறிக்கவில்லை; கணக்கிடும் மனிதரைக் குறித்தது. நம் மொழியின் 'கணக்கர்' போல அதுவும் ஒரு பணிப்பெயர். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் மின்பொறியியல் பள்ளியில் அப்பெயரோடு பணியாற்றியவர்களில் பெரும்பாலோர் கணிதம் பயின்ற இளம்பெண்கள். பீரங்கிக் குண்டு எந்தக் கோணத்தில் புறப்பட்டால் எங்கே விழும் என்பதற்கான அட்டவணைகளை இராணுவத்துக்காக அவர்கள் தயாரித்தார்கள். மேசைக் கணக்குப்பொறியை வைத்துக்கொண்டு ஒரே ஒரு பாதையைக் கணக்கிட 20 மணி நேரத்துக்கு மேலாகும்.

இந்த வேலையை விரைவுபடுத்தவே ஜான் மாக்லியும் பிரெஸ்பர் எக்கர்ட்டும் எனியாக் என்னும் மின்னணுக் கணிப்பொறியை வடிவமைத்தார்கள். ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்களும் 30 டன் எடையுமாக அது ஒரு பெரிய கூடத்தையே நிறைத்து நின்றது. ஆனால் இயந்திரத்தைக் கட்டுவது வேறு, அதற்கு ஒரு கணக்கைச் சொல்லித்தருவது வேறு. இரண்டாவது வேலைக்காக 1945-இல் ஆறு பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர்: கேத்லீன் மெக்நல்டி, பெட்டி ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், பிரான்சிஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன். மெக்நல்டி அயர்லாந்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் ஐரிஷ் மொழி பேசி வளர்ந்தவர். ஜென்னிங்ஸ் மிசௌரி மாநிலத்தில் ஒரு வேளாண் குடும்பத்தின் மகள்.

அவர்களுக்கு நிரலாக்கம் கற்பிக்க ஆசிரியர் எவரும் இல்லை, இருந்திருக்கவும் இயலாது. நிரலாக்கம் என்ற தொழிலே அப்போது பிறந்திருக்கவில்லை. மேரிலாந்திலுள்ள அபர்தீனில் துளை அட்டை இயந்திரங்களைக் கையாளச் சில வாரப் பயிற்சி கிடைத்தது. எனியாக் இருந்த கூடத்துக்குள் நுழைய முதலில் அனுமதியில்லை, அது இராணுவ இரகசியம். கையில் தரப்பட்டவை மின்சுற்று வரைபடங்கள் மட்டுமே. அவற்றை விரித்துவைத்துப் புரியாத இடங்களைப் பொறியாளர்களிடம் கேட்டார்கள். ஒருவருக்கு விளங்கியதை மற்றவருக்கு விளக்கினார்கள், ஒருவர் வேலையில் மற்றவர் பிழை கண்டார்கள். கேபிள்களைப் பொருத்தியும் சுவிட்சுகளைத் திருப்பியும் ஒரு கணக்கை இயந்திரத்துக்கு உணர்த்தும் கலையை இப்படித்தான் கற்றார்கள்.

1946 பிப்ரவரி 15 அன்று எனியாக் அறிஞர்கள் முன்னிலையில் இயக்கிக் காட்டப்பட்டது. அதற்கான நிரலை அமைத்தவர்கள் ஜென்னிங்ஸும் ஸ்னைடரும். முந்தைய நாள்வரை ஒரு பிழை பிடிபடவில்லை: குண்டு தரையைத் தொட்ட பின்னும் கணக்கு நிற்காமல் பூமிக்குள் போய்க்கொண்டிருந்தது. விடிந்தபோது ஸ்னைடருக்குக் காரணம் புலப்பட்டது. ஒரு சுவிட்சைத் திருப்பியதும் சரியாயிற்று. குண்டு பறக்கும் நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் அதன் பாதை கணக்கிடப்பட்டதை அவையோர் வியந்து கண்டார்கள். அன்றிரவு விருந்து நடந்தது. அப்பெண்களுக்கு அழைப்பு இல்லை.

மறதி அந்த விருந்தோடு நின்றுவிடவில்லை. 1980-களில் காத்தி கிளைமன் என்ற மாணவி பழைய புகைப்படங்களில் இயந்திரத்தருகே நிற்கும் பெண்கள் யாரென்று விசாரித்தபோது, அழகுக்காக நிறுத்தப்பட்டவர்கள் என்ற விடையே கிடைத்தது. அவர் தொடர்ந்து தேடியதால்தான் அவர்களின் கதை வெளிவந்தது.

அதே பத்தாண்டில் வேறொன்றும் நிகழ்ந்தது. அமெரிக்காவில் கணினி அறிவியலில் பட்டம் பெற்றவர்களில் பெண்களின் பங்கு 1980-களின் நடுவில் ஏறத்தாழ 37 சதவீதத்தை எட்டியது. 2010 வாக்கில் 18 சதவீதமாகச் சுருங்கியது. வீட்டுக் கணினி பையன்களின் விளையாட்டுப் பொருளாக விற்கப்பட்டதை ஆய்வாளர்கள் ஒரு காரணமாகக் காட்டுகிறார்கள். பையன்கள் ஏற்கனவே பழகிவந்ததால், தொடக்க வகுப்பே தொடக்கநிலையினருக்கு அன்னியமாயிற்று. அங்கே பின்தங்கிய பெண் தன்னிடம் அறிவில்லை என்றெண்ணி விலகினாள். குறைந்திருந்ததோ பழக்கம் மட்டுமே. கார்னகி மெலன் பல்கலைக்கழகம் இதை உணர்ந்து, சேர்க்கையில் முன்அனுபவத்துக்குத் தந்த முதன்மையைத் தளர்த்தியது; அனுபவத்துக்கேற்ப வெவ்வேறு தொடக்கப் பாடங்களையும் வகுத்தது. 1995-இல் 7 சதவீதமாக இருந்த பெண்களின் சேர்க்கை 2000-இல் 42 சதவீதமாயிற்று.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே இதே எண்ணம் பயிலரங்காக உருக்கொண்டது. 2010-இல் ஹெல்சிங்கியில் லிண்டா லியூகாஸும் காரி சாரினனும் 'ரெய்ல்ஸ் கேர்ள்ஸ்' பயிலரங்கைத் தொடங்கினார்கள். 2014-இல் பெர்லினில் ஓலா சிடார்ஸ்கா, ஓலா செண்டெக்கா என்ற இரு போலந்துப் பெண்கள் 'ஜாங்கோ கேர்ள்ஸ்' என்பதைத் தொடங்கினார்கள். ஒரே நாள், கட்டணம் இல்லை, முன்அனுபவம் தேவையில்லை. மென்பொருளைக் கணினியில் நிறுவும் தொல்லையை முதல்நாள் மாலையிலேயே முடித்துவிடுகிறார்கள். மூன்று பேருக்கு ஒரு பயிற்றுநர். மாலைக்குள் ஒவ்வொருவரும் தாமே ஆக்கிய ஒரு சிறு இணையதளத்தோடு வீடு திரும்புகிறார். பாடநூல் அனைவருக்கும் பொது என்பதால் எந்த ஊரில் எவரும் இதனை நடத்தலாம். அப்படியே உலகின் பல நகரங்களில் நடந்திருக்கிறது.

பெண்களுக்கென்று தனியே எதற்கு என்ற கேள்வி எழாமலில்லை. அறிவுக்கு ஆணென்றும் பெண்ணென்றும் பேதமுண்டா என்பார்கள். இல்லைதான். ஆனால் மூர் பள்ளியின் ஆறு பேருக்கும் வாய்த்தவை எவை என்று நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். முன்பே அறிந்தவர் எவரும் அருகில் இல்லை; ஆகவே அறியாமை வெட்கத்துக்குரியதாக இல்லை. கேட்பதற்கு ஆளிருந்தது, துணைக்குத் தோழியர் இருந்தனர். போர்க்காலம் தற்செயலாக ஏற்படுத்திய அந்தச் சூழலையே இப்பயிலரங்குகள் திட்டமிட்டு உருவாக்க முயல்கின்றன.

ஒரே நாளில் எவரும் நிரலர் ஆகிவிடுவதில்லை. அடுத்த நாளும் அடுத்த மாதமும் துணை இல்லையெனில் அந்த ஒரு நாள் இனிய நினைவாகவே நின்றுபோகும். ஆயினும், புதிதாக ஒரு துறைக்குள் பெண்களைக் கைப்பிடித்து அழைத்துவருவதாக அமைப்பாளர்கள் எண்ணிவிடலாகாது. அவ்வீட்டுக்கு அடித்தளமிட்டவர்களில் அவர்களும் உண்டு. விருந்துக்கு அழைக்க மறந்த தவறைத்தான் நாம் காலந்தாழ்ந்து திருத்திக்கொண்டிருக்கிறோம்.