சத்தம் எங்க இருந்து வருது? கண்டி ரோட்டும் பழைய கார்களும்

கண்டியில் பழைய கார் ஒன்று பார்க்கப் போனால், துணைக்கு வருகிற ஆள் கொஞ்சம் விவரமானவர் என்றால் முதலில் இதைத்தான் சொல்லுவார்: "ரேடியோவை நிப்பாட்டுங்க. ஏசியையும் நிப்பாட்டுங்க. கண்ணாடியை இறக்குங்க." பெயின்ட், சீட் உறை, மீட்டரில் காட்டுகிற கிலோமீட்டர் எல்லாத்தையும் விற்கிறவர் முன்கூட்டியே சரிப்படுத்தி வைத்திருக்கலாம். சத்தத்தை மறைக்கிறதுதான் கஷ்டம். அதுவும் ஒரு மேடும் ஒரு வளைவும் இல்லாமல் இரண்டு கிலோமீட்டர் ஓட முடியாத இந்த ஊரில்.

இந்தப் பழக்கம் நமக்கு எப்படி வந்தது? காருக்குக் காது கொடுக்கிற இந்தக் கலைக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதைத் தேடினால் கராஜை விட்டு கொழும்புத் துறைமுகம் வரைக்கும் போகவேண்டியிருக்கு.

முதலில் வெளியூர்க் கதை. கரின் பைஸ்டர்வெல்ட் என்கிற நெதர்லாந்து ஆய்வாளரும் அவரோடு மூன்று பேரும் சேர்ந்து 2014இல் 'சவுண்ட் அண்ட் சேஃப்' என்று ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். கார் ஓட்டுகிறவர்கள் எதைக் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள் என்பதன் வரலாறு அது. கார் புதிதாக வந்த காலத்தில் ஓட்டுகிறவரே காதால் நோய் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வழியில் நின்றுபோனால் உதவிக்கு யாரும் இல்லையே. பிறகு மூடிய பொடி கொண்ட கார்கள் பரவின. பயிற்சி பெற்ற மெக்கானிக்குகளும் பெருகினார்கள். 'சத்தத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் ஓட்டினால் போதும்' என்கிற மாதிரி நிலைமை மாறியது. 1958இல் டேவிட் ஓகில்வி எழுதிய ரோல்ஸ் ரொய்ஸ் விளம்பரம் பிரசித்தமானது. மணிக்கு 60 மைல் வேகத்திலும் அந்தக் காரில் பெரிதாகக் கேட்பது மின்சாரக் கடிகாரத்தின் சத்தம்தானாம். கேட்க ஒன்றுமில்லாத கார்தான் நல்ல கார் என்று ஆகிவிட்டது.

இலங்கையில் கதை வேறு பக்கம் திரும்பியது. 1950களில் இங்கே ஓடியவை பெரும்பாலும் பிரித்தானிய வண்டிகள்: மொரிஸ் மைனர், ஒஸ்டின், ஹில்மன். மினி காரையும் பின்னாளில் உருவாக்கிய அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தது மைனர். 1948இல் சந்தைக்கு வந்தது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து கார் இறக்குமதி இறுகியது. 1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்க அரசின் காலத்தில் இன்னும் இறுகியது. புதுக் கார் கனவு, உதிரிப்பாகம் கிடைப்பதும் அதிர்ஷ்டம். வீட்டில் இருக்கிற கார் செத்தால் அடுத்தது கிடையாது. அப்படியிருக்கும்போது ஒரு சின்ன 'டக்' சத்தத்தை யார் அலட்சியம் செய்வார்கள்? பெயாரிங் உடைவதற்கு முன்னால் கண்டுபிடித்தால் பஞ்சிகாவத்தையில் தேடி ஒன்று வாங்கலாம், இல்லாவிட்டால் லேத்தில் கடைந்து ஏதாவது செய்யலாம். உடைந்து, அச்சையும் கெடுத்துவிட்டால் வண்டி செங்கல்லின் மேல்தான் நிற்கும். ஐரோப்பாவில் ஓட்டுகிறவர் காதை மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டுப் போன அதே காலத்தில், இங்கே ஓட்டுகிறவரும் மெக்கானிக்கும் இரண்டு பேருமே காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதைப் 'பொற்காலம்' என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ரேஷன் வரிசையில் நின்ற காலம் அது. கார் வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். மலையகத் தோட்டங்களில் கார் என்றால் துரையின் கார். ஆனால் அந்தக் காரை ஓட்டியதும் கழுவியதும் அதன் கீழே படுத்து நட்டு இறுக்கியதும் வேறு ஆட்கள். கராஜில் பாஸுக்கு ஸ்பேனர் எடுத்துக்கொடுத்துக்கொண்டே தொழில் பழகிய பையன்களின் காதில்தான் இந்த அறிவு தங்கியது. யாரும் அதை எழுதி வைக்கவில்லை.

அவர்களிடம் இருந்த கருவி என்னவென்றால் ஒரு நீளமான ஸ்குரூ டிரைவர். முனையை எஞ்சினின் ஒரு பகுதியில் வைத்து, பிடியைக் காதோரம் அழுத்தினால் உள்ளே நடப்பது கேட்கும். சிரிக்காதீர்கள், வைத்தியத்திலும் இதே கதைதான். 1816இல் பாரிஸில் ரெனே லெனெக் என்கிற வைத்தியர் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டதிலிருந்துதான் ஸ்டெதஸ்கோப் பிறந்தது. ரயில்காரர்களும் நீண்ட பிடி போட்ட சுத்தியலால் சக்கரத்தைத் தட்டிக் கேட்பார்கள். கணீரென்றால் நல்லது, மந்தமாகக் கேட்டால் உள்ளே வெடிப்பு. கண்டிக்கு ரயில் வந்தது 1867இல். ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவைக்கு ஏறுகிற பாதையின் சரிவு 45க்கு 1. அந்தச் சரிவில் வெடிப்புள்ள சக்கரத்தோடு போவதை யோசித்துப் பாருங்கள்.

ரோட்டைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் பாதி வேலையை ரோட்டுதான் செய்கிறது. கொழும்பு–கண்டிப் பாதையை 1820களில் ஆளுநர் எட்வர்ட் பான்ஸ் போட்டார். பொறியியலாளர் கப்டன் டோசன், 1829இல் இறந்துபோனார். அவர் நினைவாக 1832இல் கட்டிய கோபுரம் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கிறது. 1815இல் பிடித்த கண்டி இராச்சியத்தைக் கைக்குள் வைத்திருக்க இராணுவத்துக்கு ரோட்டு தேவைப்பட்டது. அதே ரோட்டால் பிறகு கோப்பி இறங்கியது. காருக்கென்று போட்ட பாதையில்லை அது. ஆனால் இன்றைக்கு ஒரு காரைச் சோதிக்க அதைவிட நல்ல ரோட்டு கிடைக்குமா தெரியாது. ஏறும்போது எஞ்சின் பாரத்தில் திணறும், இறங்கும்போது பிரேக் பேசும், வளைவில் பாரம் ஒரு பக்கச் சக்கரத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறும். சமதரையில் வாய் திறக்காத வண்டி மாவனல்லைக்கும் பேராதனைக்கும் இடையில் எல்லாத்தையும் ஒப்புக்கொண்டுவிடும்.

இங்கே ஒரு இடைச்செருகல். பழைய மைனரைப் பார்த்தால் இலக்கத் தகட்டையும் பாருங்கள். ஆங்கில எழுத்து இருந்தால் 1957க்கு முந்தியது. சிங்கள 'ஸ்ரீ' எழுத்து இருந்தால் அதற்குப் பிந்தியது. அந்த ஒற்றை எழுத்தை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி இயக்கம் நடத்தியது. தமிழில் 'ஸ்ரீ' எழுதிக்கொண்டு கார்கள் ஓடின. 1958 ஏப்ரலில் தெற்கில் தார் வாளியோடு இறங்கித் தமிழ்ப் பெயர்ப்பலகைகளை அழித்தார்கள். மே மாதம் கலவரம். ஒரு காரின் சரித்திரத்தில் காதுக்குக் கேட்காத பகுதியும் உண்டு.

சத்தம் கேட்கும் கலையின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வடக்கே போகவேண்டும். 1990இல் மறுபடி யுத்தம் தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போவது தடைபட்டது. அங்கே மோட்டார் சைக்கிள்களும் பழைய ஒஸ்டின், மொரிஸ் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் வைத்திருக்கும் கொஞ்சம் பெற்றோலைக் காபரேட்டரில் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. மண்ணெண்ணெயின் ஒக்டேன் குறைவு. எஞ்சினுக்குள் தீப்பொறியின் சுவாலை போய்ச்சேர முன்னமே மிச்சக் கலவை தானாக வெடிக்கும். அந்த 'டங் டங்' அடியைத்தான் நொக்கிங் என்கிறோம். அமுக்கம் குறைந்த பழைய பிரித்தானிய எஞ்சின் இதைத் தாங்கிக்கொண்டது. அடி கூடினால் கால் தளரவேண்டும், இல்லாவிட்டால் பிஸ்டன் போய்விடும். ஓட்டினவர்கள் ஒவ்வொரு நிமிஷமும் அந்த எல்லையைக் காதால் அளந்துகொண்டே போனார்கள். ஏற்றமே இல்லாத யாழ்ப்பாணம் என்பதால்தான் அது முடிந்தது. கண்டி மேட்டில் மண்ணெண்ணெய்க் கார் என்ன பாடுபடும் என்று நினைத்தாலே காது வலிக்குது.

தெற்கில் 1977இல் ஜே. ஆர். ஜெயவர்தனவின் திறந்த பொருளாதாரம் வந்தது. உபாலி விஜேவர்தனவின் நிறுவனம் ஃபியட், மஸ்தா கார்களை இங்கேயே பொருத்தி விற்றது. 1983இல் அவர் விமானத்தோடு காணாமல்போனார். பிறகு ஜப்பான் வண்டிகள் வெள்ளமாக வந்தன. மைனருக்கும் முழுக்க ஓய்வு கிடைக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் வைத்திருந்த சார்ள்ஸ் வெயர், இலங்கையரான தனபால சமரசேகரவோடு சேர்ந்து மைனருக்கான பாகங்களை இலங்கையிலேயே செய்யத் தொடங்கினார். பிரித்தானியா கைவிட்ட காருக்கு இங்கிருந்து பாகம் போனது!

ஜப்பானிலிருந்து வந்தவை 'ரீகண்டிஷன்'. பெயர் புதுசு மாதிரி, கார் பழசு. அங்கே புதுக் காருக்கு மூன்று வருஷத்தில் முதல் கட்டாயப் பரிசோதனை, பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. செலவைப் பார்த்துப் பலர் காரை ஏலத்தில் தள்ளிவிடுகிறார்கள். வலது பக்க ஸ்டியரிங் என்பதால் நமக்கு அப்படியே பொருந்தும். ஏலத் தாளில் தரம் எழுதியிருக்கும். 'ஆர்' என்றிருந்தால் அடிபட்டுத் திருத்தியது. ஆனால் கண்டியில் மூன்றாவது ஆளாகவோ நான்காவது ஆளாகவோ வாங்குகிறவர் கைக்கு அந்தத் தாள் வந்துசேருவது அபூர்வம். மீட்டரைச் சுற்றியிருந்தால் அதுவும் தெரியாது. மிச்சமிருப்பது காதுதான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை மறுபடி நிறுத்தினார்கள். 2022இல் பெற்றோல் வரிசை, கியூஆர் கோடு. தனியார் கார் இறக்குமதி திறந்தது 2025 பெப்ரவரியில். ஏறக்குறைய ஐந்து வருஷம் நாட்டில் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின, விலையும் ஏறியது. வெளிநாட்டில் உழைத்தவர்களும், பாங்க் லீசிங் எடுத்தவர்களும் பத்து வருஷப் பழைய வண்டிக்குத் தங்கள் முழுச் சேமிப்பையும் கொடுத்தார்கள். தாத்தா காலத்துச் சங்கதி அப்படியே திரும்பி வந்தது: இந்த வண்டி போனால் அடுத்தது இல்லை.

அதனால் கேட்கத் தெரிந்துகொள்வது நல்லது. முதலில் வண்டியைக் காலி பண்ணுங்கள். டிக்கியில் ஜாக் தளர்ந்து கிடக்கும், சீட்டுக்கடியில் தண்ணிப் போத்தல் உருளும். அதற்காக ஷொக் அப்சோபர் மாற்றினவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் ஓட்டட்டும், மற்றவர் கேட்கட்டும். நம் காதுகள் இரண்டுக்கும் சத்தம் வந்துசேரும் நேர வித்தியாசத்தை வைத்துத்தான் திசையைக் கணிக்கிறோம். தகரப் பெட்டிக்குள் சத்தம் பொடி வழியாகவே பரவுவதால் அந்தக் கணக்குப் பிழைக்கும். பின்னால் இருக்கும் கோளாறு முன்னால் கேட்கும். கேட்கிறவர் பின் சீட்டுக்கும் போய்ப் பார்க்கணும்.

அடுத்த கேள்வி: சத்தம் எஞ்சினோடு மாறுதா, சக்கரத்தோடு மாறுதா? கட்டுகஸ்தோட்டைப் பக்கம் சமதரையாக ஒரு துண்டு ரோட்டில் ஒரு கணம் நியூட்ரலில் விட்டால் தெரியும். இறக்கத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். பெற்றோல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிற பழக்கம் நம் ஊரில் உண்டு. எஞ்சின் பிடிமானம் இல்லாமல் முழுப் பாரமும் பிரேக்கில் விழுந்து, சூடேறி, தேவையான இடத்தில் பிடிக்காமல் போகும்.

எஞ்சின் நின்றாலும் வேகத்தோடு கூடிக் குறைகிற ஊளை என்றால் வீல் பெயாரிங்கைச் சந்தேகப்படலாம். வலது வளைவில் கூடினால் இடது சக்கரம், ஏனென்றால் பாரம் அந்தப் பக்கம் போகிறது. கடுகண்ணாவை வளைவுகளில் இரண்டு நிமிஷத்தில் விடை கிடைக்கும். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துக்கொண்டு நகரும்போது 'டக்டக்டக்' என்றால் அச்சின் வெளி மூட்டு, அதாவது சிவி ஜொயின்ட். சின்னக் குழியில் மெதுவாக இறங்கும்போது 'கடக்' என்றால் ஸ்டெபிலைசர் லிங்க் அல்லது போல் ஜொயின்ட். ஈரமான காலையில் மட்டும் 'கீச்' என்று கத்திவிட்டு அடங்கினால் பெல்ட். பிரேக் பேடில் கீறல் சத்தம் வேண்டுமென்றே வைத்தது: பேட் தேய்ந்தால் ஒரு மெல்லிய தகடு வட்டில் உரசிக் கத்தும். அந்தச் சத்தத்தோடு மஹியங்கனை ரோட்டின் பதினெட்டு வளைவில் இறங்குவது புத்தியில்லாத வேலை.

இப்போது ஓடுகிற ஹைபிரிட் வண்டிகள் மாணவர்களைக் குழப்புகின்றன என்று கராஜ்களில் சொல்லுவாங்க. எஞ்சின் தானாக நிற்கும், தானாக எழும்பும். எது கோளாறு, எது இயல்பு என்று பழைய காது தடுமாறும். ஸ்கானரை மாட்டினால் பல கோளாறுகள் இலக்கமாக வரும். ஆனால் தேய்ந்த புஷ்ஷையும் தளர்ந்த லிங்க்கையும் எந்த ஸ்கானரும் சொல்லாது. அவற்றில் சென்சர் கிடையாது. பல ஹைபிரிட் கார்களில் பின் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் காற்றுத் துளை இருக்கும். பெரிய பற்றரியைக் குளிராக வைக்கும் விசிறிக்குப் போகிற வழி அது. ஏற்றத்தில் போகும்போது பின்னாலிருந்து 'விர்' என்று ஒரு சத்தம் கூடிக்கொண்டே வந்தால், பற்றரி போச்சு என்று பயப்படுமுன் அந்தத் துளையை அடைத்துக்கொண்டு சாமான் பை ஏதும் கிடக்குதா, உள்ளே தூசி படிந்திருக்கா என்று பாருங்கள்.