பேசாத ரோபோவும் பெயர் தெரியாத கூலிகளும்

யாங்கூனில் கரண்ட் இல்லாத இரவுகள் அதிகம். அப்படி ஓர் இரவில், டேப்லெட்டில் மிச்சமிருந்த சார்ஜில் 'மெஷினேரியம்' விளையாடிக்கொண்டிருந்தேன். 2009-இல் வந்த கேம். செக் நாட்டின் பிர்னோ நகரைச் சேர்ந்த அமானிடா டிசைன் என்ற சிறு குழு, கையால் வரைந்த படங்களைக் கொண்டு உருவாக்கியது.

அதில் வசனமே கிடையாது. யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தலைக்கு மேல் ஒரு குமிழி வரும், அதற்குள் படம் ஓடும். குப்பைமேட்டில் கொட்டப்பட்ட ஒரு குட்டி ரோபோவின் பாகங்களைத் தேடிப் பொருத்துவதுதான் முதல் வேலை. பிறகு அவனை நகரத்துக்குள் கொண்டுபோக வேண்டும். அவன் உடம்பை நீட்டி உயரமாகலாம், ஒடுக்கிக் குட்டையாகலாம். ஆனால் கைக்கு எட்டுகிற பொருளை மட்டுமே எடுக்க முடியும். எட்டாததை எப்படி எட்டுவது என்பதுதான் புதிர்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் மகள், "இவன் பேரு என்ன சித்தப்பா?" என்று கேட்டாள்.

பெயர் யோசெஃப். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

1920-இல் செக் எழுத்தாளர் காரெல் சாபெக், 'ஆர்.யு.ஆர்.' என்று ஒரு நாடகம் எழுதினார். தொழிற்சாலையில் தயாராகும் செயற்கைத் தொழிலாளர்களைப் பற்றியது. அவர்களை என்னவென்று அழைப்பது என்று ஓவியரான அண்ணன் யோசெஃபிடம் கேட்டார். அண்ணன் சொன்ன சொல்தான் 'ரோபோ'. 'ரொபோட்டா' என்றால், பண்ணையடிமைகள் நிலப்பிரபுவுக்குச் சம்பளமில்லாமல் செய்து தீர வேண்டிய கட்டாய வேலை. சொல்லைக் கொடுத்த யோசெஃப் சாபெக்கையும் பின்னர் நாஜிகள் சிறைப்பிடித்தார்கள். 1945-இல் பெர்கன்-பெல்சன் முகாமில் அவர் இறந்தார். கேமில் வரும் ரோபோவுக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சொல்லுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பர்மாவில் ரோபோ கதை உண்டு. 'லோகபஞ்ஞத்தி' என்ற பாலி நூல் 11-12ஆம் நூற்றாண்டு வாக்கில் பர்மாவில் எழுதப்பட்டதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். புத்தரின் அஸ்திக்கு அஜாதசத்ரு மன்னர் இயந்திரக் காவலர்களை நிறுத்தியதாகவும், காலம் பல கடந்து அசோகர் வரும்வரை அவை காவல் காத்ததாகவும் அதில் ஒரு கதை வருகிறது. தூங்காத, கூலி கேட்காத, எதிர்த்துப் பேசாத ஆள் வேண்டும் என்ற ஆசை அவ்வளவு பழையது.

நம் ஊரில் அதற்கு 'வெட்டி' என்று பெயர். சோழர் காலக் கல்வெட்டுகளில், கூலியில்லாமல் செய்ய வேண்டிய ஊழியத்தை அப்படித்தான் குறித்திருக்கிறார்கள். 'கூலி' என்றால் சம்பளம். வெள்ளைக்காரர் ஆட்சியில் அந்தச் சொல்லே ஆளுக்கும் பெயராகிவிட்டது.

இந்த நகரம் அப்படிப்பட்டவர்களின் தோளில் எழுந்தது. 1931 மக்கள்தொகைக் கணக்கின்படி ரங்கூனில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களிலும், ரிக்‌ஷா இழுத்தவர்களிலும், அரிசி ஆலைகளில் உழைத்தவர்களிலும் தெலுங்கர், ஒரியர், தமிழர் எனப் பலர் இருந்தார்கள்.

பிறகு போர் வந்தது. 1942-43-இல் ஜப்பானிய ராணுவம் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டது. மலாயாத் தோட்டங்களில் இருந்த தமிழர்களை ஆயிரமாயிரமாக, ஆசை காட்டியும் பிடித்துக்கொண்டும் போனார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் எத்தனையோ பேர் செத்தார்கள். பாதை முடியும் தன்பியூசயாத்தில் நேச நாட்டுச் சிப்பாய்களுக்கு 3,700-க்கும் மேற்பட்ட கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த ஒரு கல்கூட இல்லை.

யோசெஃப் பேசாதது கேம் செய்தவர்களின் விருப்பம். இவர்கள் பேசினார்கள், பாடினார்கள், ஊருக்குக் கடிதம் எழுதச் சொல்லி யாரையாவது கெஞ்சியிருப்பார்கள். எழுதி வைக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டிலேயே, கப்பலேறி வந்தவர் என்ன வேலை செய்தார் என்று கேட்டால் "துறைமுகத்துல" என்ற ஒரு சொல்தான் கிடைக்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும்: ஒரு ஊர்ப் பெயர், ஒரு பழைய போட்டோ, பாட்டி பாதியில் நிறுத்திய ஒரு பேச்சு. நீங்கள் டர்பனில் இருந்தாலும் டொராண்டோவில் இருந்தாலும் கைக்கு எட்டுவது அதுதான். அங்கிருந்து தொடங்குங்கள். இந்த வாரமே பாட்டிக்குப் போன் போட்டு, "அவர் பேரு என்ன? யாருக்கு வேலை செஞ்சார்? கூலி கொடுத்தாங்களா?" என்று கேளுங்கள். சொல்வதை அப்படியே எழுதி வையுங்கள். தமிழில் எழுத வராவிட்டால் தெரிந்த எழுத்தில் எழுதுங்கள்.