பிள்ளை யார் பொறுப்பில்?

1912-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள், செங்கற்பட்டு மாவட்ட நீதிமன்றத்தின் படியேறினார் ஒரு தந்தை. நாராயணய்யா என்பது அவர் பெயர். எதிர்த்து நின்றவரோ உலகறிந்த அன்னி பெசண்ட் அம்மையார். தம் மக்கள் இருவரையும் திருப்பித் தரவேண்டும் என்பது தந்தையின் வழக்கு. 1905-லேயே தாயை இழந்த பிள்ளைகள் அவர்கள். மூத்தவர்தான் பின்னாளில் ஜே. கிருஷ்ணமூர்த்தி எனப் புகழ்பெற்றவர்.

1910 மார்ச்சில் காப்பாளர் உரிமையை அம்மையாருக்கு எழுதிக் கொடுத்தவரும் அதே தந்தைதான். மனம் மாறினார், மீட்க முனைந்தார். வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்கு மாறிற்று. 1913-ல் தந்தைக்கு வெற்றி. மேல்முறையீட்டிலும் அவருக்கே வெற்றி. ஆனால் 1914 மே 25-ஆம் நாள் இலண்டன் பிரிவி கவுன்சில் அத்தனையையும் தள்ளிற்று. பிள்ளைகள் இங்கிலாந்தில் வாழ்கையில், செங்கற்பட்டு நீதிமன்றத்துக்கு ஏது அதிகாரம் என்றது. எழுதிக் கொடுத்த உரிமையைத் தந்தை திரும்பப் பெறலாம் என்பதையும் அது மறுக்கவில்லை. அந்த இளைஞர்களின் விருப்பத்தை யாரும் கேட்டறியவில்லையே என்றும் சுட்டிற்று. பெரியவர்கள் வாதாடினர், பிள்ளைகளோ வாய்மூடி இருந்தனர்! என்ன விந்தை!

அந்த வழக்குக்கு அடிப்படையான 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. அதே செங்கற்பட்டில், 1929 பிப்ரவரியில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் கேட்டது. 1949-ல் சென்னை மாகாணம் இந்துக்களுக்கு மணவிலக்குச் சட்டம் செய்தது. மணம் முறியலாம் என்றானதும், பிள்ளை எங்கே என்ற கேள்வி வீடுதோறும் வரலாயிற்று. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் விடை சொன்னது: இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் 'பின்னர்' தாய். பெற்றவள் பின்னராம்! ஐந்து வயது நிரம்பாத குழந்தை மட்டும் பொதுவாகத் தாயிடமே இருக்கும். 1999-ல் கீதா ஹரிஹரன் வழக்கில்தான், 'பின்னர்' என்பது தந்தை இறந்த பின்னர் என்று மட்டும் பொருள்படாது, அவர் அக்கறை காட்டாத நிலையையும் குறிக்கும் என்று உச்சநீதிமன்றம் விளக்கிற்று.

காப்பாளர் உரிமை வேறு, பிள்ளையை உடன் வைத்து வளர்க்கும் பொறுப்பு வேறு. முன்னது ஒருவரிடமும் பின்னது மற்றவரிடமும் இருக்கலாம். வளர்க்காதவருக்குப் பார்த்துவரும் உரிமை உண்டு. வழக்கு முடியும்வரை இடைக்காலப் பொறுப்பும் தரப்படும். இருவரும் பகிர்ந்து வளர்க்கும் கூட்டுப் பொறுப்பை 2015-ல் சட்ட ஆணையம் தன் 257-ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. அதன்படி சட்டம் திருத்தப்படவில்லை. எவ்வகையாயினும் பிள்ளையின் நலனே தலையாயது என்கிறது 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு.

அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்ததே திருப்பெரும்புதூர். இன்று அங்கும் ஒரகடத்திலும் கார்த் தொழிற்சாலைகள். தென்மாவட்டத்திலிருந்து பிழைக்க வந்த கணவனும் மனைவியும் ஷிப்டு மாறி உழைக்க, குழந்தை ஊரில் ஆச்சியிடம் வளர்கிறது என்று கொள்வோம். இருவரும் பிரிந்தால், பொறுப்புக் கோரும் மனுவை எங்கே கொடுப்பது? பிள்ளை வழக்கமாக வாழும் இடத்து நீதிமன்றத்தில் என்கிறது அந்தப் பழைய 1890-ஆம் ஆண்டுச் சட்டம். ஞாயிறுதோறும் பார்த்துவரலாம் என்று தீர்ப்பு வந்தாலும், அந்த ஞாயிற்றுக்கிழமை யாருக்கு ஷிப்டு, ஊருக்குப் போய்வர எத்தனை மணி நேரம் என்பதையும் நீதிமன்றத்தில் யாராவது எடுத்துச் சொல்லவேண்டும்.