முட்டுக்கட்டை முதல் காலிபர் வரை

துடியலூர் என்னும் பெயருக்குள் ஒரு பறை ஒளிந்திருக்கிறது. துடி என்பது இடை சுருங்கிய சிறுபறை; இலக்கணிகள் பாலைத்திணைக்கு வகுத்துக் கொடுத்த பறை. அவ்வூர் விருந்தீசுவரர் கோயிலின் தலக்கதையும் வேட்டுவரைத் தொட்டே செல்கிறது: இறைவனும் இறைவியும் வேடர் கோலத்தில் வந்து சுந்தரருக்கு முருங்கைக் கீரையோடு விருந்தளித்தனர் என்பர். அந்தத் துடியின் ஓசை இன்று கேட்பதில்லை. 2011இல் கோவை மாநகராட்சியோடு இணைந்துவிட்ட துடியலூரில், மேட்டுப்பாளையம் சாலையோரப் பட்டறைகளில் நாம் கேட்பது வேறு வகைப் பறையின் ஓசை. மெக்கானிக்குகள் அதனையும் 'டிரம்' என்றே அழைக்கின்றனர். அந்த டிரம் மெல்ல விடைபெற்று, அதன் இடத்தில் ஒரு வட்டும் அதைக் கவ்வும் இடுக்கியும் அமர்ந்த கதையே இக்கட்டுரை.

முதலில் ஒரு சொல்லாராய்ச்சி. 'பிரேக்' என்பதற்கு நிறுத்தி, தடுப்பான், தடுப்பி எனப் பல சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. எனினும் பட்டறையில் நின்று "தடுப்பி பிடிக்கவில்லை" என்று எவரும் சொல்லிக் கேட்டதில்லை. 'வேகத்தடை'யையோ சாலை மேடு பறித்துக்கொண்டது. ஆகவே பிரேக் என்றே எழுதுவோம், தமிழன்னை பொறுத்தருள்வாள்.

ஆயினும் தமிழில் இதற்கொரு பழஞ்சொல் இல்லாமலில்லை. தேரோட்டத்தில் சக்கரத்தின் கீழ் மரக்கட்டையைச் செருகி, தேரைத் திருப்பவும் நிறுத்தவும் செய்வர். அதுவே முட்டுக்கட்டை. இன்று யாரேனும் ஒரு நற்செயலைத் தடுத்தால் 'முட்டுக்கட்டை போடுகிறார்' என வைகிறோம். தேர்வடத்தின் அருகே நின்று பார்த்தவர்களுக்கு அச்சொல்லின் பெருமை வேறு. ஓடும் சக்கரத்துக்கு முன்னே குனிந்து கட்டை இடுபவன் கணநேரம் பிந்தினால் கை போகும், சில வேளை உயிரும் போகும். கோவை ராஜவீதியில் கோனியம்மன் தேர் வரும்போது கூட்டம் அம்மனைப் பார்க்கும். சக்கரத்தைப் பார்ப்பவர் சிலரே. திருவாரூர் ஆழித்தேர் முதலான பெருந்தேர்களுக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரங்களோடு ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தது. அந்த ஹைட்ராலிக் எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னர் காண்போம்.

துடியலூரைத் தாண்டி வடக்கே செல்லும் சாலை மேட்டுப்பாளையத்தில் மலையைத் தொடுகிறது. பிரேக்கின் வரலாற்றுக்கு இதைவிடப் பொருத்தமான சாலை கிடைப்பது அரிது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் இறக்கம். ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு கார் இவ்வளவு உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 1.5 கோடி ஜூல். நாற்பது லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். காற்றும் எஞ்சினும் ஏற்றுக்கொண்டது போக மீதி வெப்பம் முழுதும் நான்கு சக்கரங்களுக்குள்தான் இறங்கியாக வேண்டும். இரண்டாம் கியரில் இறங்குக என்று மலைச்சாலைகளில் சொல்வது இதனாலேயே.

இதே மலையில் இருப்புப்பாதை அமைத்தவர்கள் இக்கணக்கை நன்கறிந்திருந்தனர். மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை 1899இலும், உதகை வரையிலான நீட்சி 1908இலும் திறக்கப்பட்டன. 12.5 அடிக்கு ஓர் அடி ஏறும் செங்குத்தான பகுதியில் பற்சக்கரம் பல்தண்டவாளத்தைக் கவ்விச் செல்லும். எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே நிற்கும். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்காரர் நிற்பார். 2005இல் யுனெஸ்கோ இப்பாதையை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது எல்லாரும் நீராவி எஞ்சினைப் போற்றினர். பெட்டிதோறும் நின்ற அந்த மனிதரைப் பற்றி யாரும் பெரிதாக எழுதியதாய் நம் நினைவில் இல்லை.

நிற்க. மோட்டார் வண்டிக்கு வருவோம்.

ஜி. டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தம் முதற் பேருந்தை ஓட்டினார். அக்கால வண்டிகளுள் பெரும்பாலானவற்றுக்குப் பின்சக்கரங்களில் மட்டுமே பிரேக். கம்பியும் நெம்புகோலும் இழுத்தால்தான் பிடிக்கும். உலகெங்கும் ஓடிய ஃபோர்டு 'மாடல் டி' காரிலோ கால் பிரேக் சக்கரத்தைத் தொடுவதே இல்லை. கியர்ப்பெட்டிக்குள்ளிருந்த ஒரு பட்டையைத்தான் இறுக்கியது. ஓட்டுநர்களின் துணிவை வியப்பதா, பயணிகளின் நம்பிக்கையை வியப்பதா என்று தெரியவில்லை.

கம்பி இழுக்கும் பிரேக்கின் குறை எளிது: நான்கு சக்கரங்களும் ஒரே அளவில் பிடிக்க மாட்டா. ஒரு பக்கம் முந்திப் பிடித்தால் வண்டி அந்தப் பக்கம் திரும்பும். அடைபட்ட நீர்மத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட உண்மையைச் சக்கரத்துக்குக் கொண்டுவந்தவர் மால்கம் லாக்ஹீட் என்னும் அமெரிக்கர். 1921இல் டூசன்பர்க் காரும் 1924இல் கிரைஸ்லரும் நான்கு சக்கர ஹைட்ராலிக் பிரேக்கோடு வெளிவந்தன. தொடக்கத்தில் தோலால் செய்த மூடிகள் ஒழுகின. ரப்பர் வந்த பிறகே நம்பிக்கை பிறந்தது. பழைய பிரேக் எண்ணெய்களில் ஆமணக்கெண்ணெயும் சாராயமும் கலந்திருந்தன என்பதை ஆமணக்கு விளையும் கொங்கு நாட்டார் அறிந்தால் மகிழ்வர்.

வட்டு பிரேக் இதற்கும் மூத்தது. இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். செம்புப் பட்டைகள் உலோக வட்டில் உரசியபோது எழுந்த கிறீச்சொலியைத் தாங்க எவராலும் முடியவில்லை. இதற்கிடையே டெர்பிஷயர் மலைச்சரிவுகளில் வண்டிக்காரர்கள் பிரேக் கட்டையில் பழைய செருப்புத் தோலை ஆணியடித்து ஓட்டுவதைக் கண்ட ஹெர்பர்ட் ஃபுரூடு, உராய்வுப் பட்டை செய்யும் தொழிலை 1897இல் தொடங்கியிருந்தார். ஃபெரோடோ என்ற பெயர் அவர் பெயரிலிருந்து பிறந்ததே. சில ஆண்டுகளில் அவர் கல்நாரைக் கைக்கொண்டார். பிரேக்கின் சூடும் சத்தமும் தணிந்தன. அதற்கு என்ன விலை கொடுத்தோம் என்பது பிறகு தெரிந்தது.

வட்டுக்கு வாழ்வு தந்தது பந்தயக் களம். 1953இல் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் டன்லப் வட்டு பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் மணிக்கு 100 மைலுக்கும் மேலான சராசரி வேகத்தில் வென்றது. டிரம் பிரேக் காரர்கள் வளைவுக்கு வெகுமுன்பே காலை அழுத்த, ஜாகுவார் ஓட்டுநர்கள் இன்னும் விரைந்துகொண்டிருந்தனர். 1955இல் சித்ரோவன் டி.எஸ். காரின் முன்சக்கரங்களில் வட்டு பிரேக் அமர்ந்து, பொதுமக்களின் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. முன்சக்கரத்துக்கு மட்டும் ஏன்? பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பளு முன்னே சாய்கிறது. தடுக்கும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுடையது. டிரம் மூடிய பானை. வெப்பம் உள்ளேயே தங்கும். வட்டோ காற்றில் சுழலும் திறந்த தட்டு.

இந்தியாவில் இத்தொழில் வேரூன்றியது 1960களில். டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் கூட்டாக 1962இல் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின; சென்னைப் பாடியில் அதன் ஆலை எழுந்தது. அதே 1962இல்தான் துடியலூருக்கு வடக்கே பெரியநாயக்கன்பாளையத்தில் லட்சுமி மெஷின் வொர்க்ஸ் பிறந்தது. அது செய்தது நூற்பு இயந்திரம். ஆயினும் வார்ப்பிரும்பையும் மைக்ரோமீட்டரையும் அறிந்த ஒரு தலைமுறைத் தொழிலாளர் இச்சாலையில் உருவானதில் அதற்குப் பங்குண்டு. கோவையின் எஸ். கரிவரதன் 1980களில் மாருதி எஞ்சினைக் கொண்டு பந்தயக் கார்கள் கட்டியது திடீரென்று நிகழ்ந்த அற்புதமன்று.

அம்பாசிடரும் பத்மினியும் நெடுங்காலம் நான்கு டிரம்களோடே ஓடின. 1980களில் பரவிய மாருதி வண்டிகளோடுதான் நம் ஊர்ப் பட்டறைகளுக்கு முன்சக்கர வட்டும் காலிபரும் பழக்கமாயின. காலிபர் என்பது வட்டின் இரு பக்கமும் பேடுகளை அழுத்தும் வார்ப்பிரும்பு இடுக்கி. அதன் வயிற்றில் ஒரு பிஸ்டன். பிஸ்டனைச் சுற்றிச் சதுர வெட்டுள்ள ஒரு ரப்பர் வளையம். இந்த வளையத்தை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். பெடலை அழுத்தினால் பிஸ்டன் முன்னேறுகிறது. அதனோடு ஒட்டிய வளையம் இலேசாக முறுக்கிக்கொள்கிறது. காலை எடுத்ததும் முறுக்கு விடுபட்டு, பிஸ்டனை மயிரிழை அளவு பின்னிழுக்கிறது. பேடு தேயத் தேய பிஸ்டன் வளையத்தில் வழுக்கி முன்னே நகர்ந்து இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்கிறது. ஸ்பிரிங் இல்லை, திருகில்லை. சில ரூபாய் பெறும் ரப்பர் ஒன்று.

அந்த ரப்பர் இறுகினாலோ, வெளிப்புறத் தூசி மூடி கிழிந்து பிஸ்டனில் துரு ஏறினாலோ, பிஸ்டன் பின்வாங்காது. வண்டி ஒரு பக்கம் இழுக்கும்; ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கும்; பேடு ஒருபுறம் தேயும். நழுவு ஊசிகளில் கிரீஸ் உலர்ந்தாலும் இதே நோய்க்குறிகள். அப்போதுதான் காலிபரைப் பிரித்துக் 'கிட் போடும்' வேலை. தேர்ந்த மெக்கானிக் காலிபரை ஹோஸில் தொங்கவிடமாட்டார். கம்பியால் கட்டி நிறுத்துவார். பிஸ்டனைக் காற்றழுத்தத்தால் வெளியேற்றும்போது எதிரே மரத்துண்டு வைப்பார், விரலை வைக்கமாட்டார். துருப்பள்ளம் விழுந்த பிஸ்டனை உப்புத்தாளால் தேய்த்து ஏமாற்றாமல் மாற்றுவார். பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் கழுவினால் ரப்பர் ஊதிப்போகும் என்பதால் பிரேக் ஆயிலிலேயே கழுவி, புது வளையத்தையும் அதிலேயே நனைத்துப் பொருத்துவார். இறுதியில் காற்றை வெளியேற்றுவார். காற்று அமுங்கும், எண்ணெய் அமுங்காது. "பெடலு பள்ளத்துக்குப் போகுதுங்ளா, கல்லாட்டம் நிக்குதுங்ளா?" என்ற ஒரே கேள்வியில் இந்தச் சோதனை அடங்கிவிடுகிறது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகை புதிதாய் இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியசில் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரமேறிய பின் அவ்வரம்பு 140. மேற்சொன்ன 1,500 மீட்டர் இறக்கத்தில் எண்ணெய் கொதித்துக் குமிழி எழுந்தால், கல்லாட்டம் நின்ற பெடல் பள்ளத்துக்குப் போய்விடும். மலையிறக்கத்தில் 'பிரேக் பிடிக்கவில்லை' என்று வரும் செய்திகளில் சிலவற்றுக்கேனும், இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றாமல் விட்ட அரை லிட்டர் எண்ணெய் காரணமாயிருக்கக் கூடும் என்பது நம் கருத்து.

கல்நாரின் கதை மீதமிருக்கிறது. டிரம்மைக் கழற்றியதும் உள்ளிருக்கும் கரும்பொடியைக் காற்றுக்குழாயால் ஊதித் தள்ளுவது பட்டறைகளின் நெடுநாள் வழக்கம். சில மெக்கானிக்குகள் வாயாலேயே ஊதுவர். கல்நார் கலந்த லைனர்களின் அப்பொடி நுரையீரலில் தங்கிப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு புற்றாய் முளைக்க வல்லது. 1995இல் நம் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளரின் உடல்நலத்தை உயிர்வாழும் உரிமையின் பகுதியாகக் கருதித் தீர்ப்பளித்தது. பிரிட்டன் 1999இல் வெண்கல்நாரையும் தடைசெய்தது. அமெரிக்கா 2024 மார்ச்சில் தடையாணை பிறப்பித்தது. இந்தியாவில் முழுத்தடை இன்னும் வரவில்லை. பெயர்பெற்ற நிறுவனங்கள் கல்நாரற்ற பேடுகளுக்கு மாறிவிட்டன. பெட்டியில் பெயரில்லாத மலிவுப் பேடில் என்ன கலந்திருக்கிறதென்று, அதைக் கையால் தொடுபவருக்கே தெரியாது. ஆகவே ஊதாமல் ஈரத்துணியால் துடைப்பதே வழி. துடியலூரில் நாம் பார்த்த பட்டறைகளுள் ஒன்றில் ஈரத்துணி இருந்தது, மற்றவற்றில் காற்றுக்குழாய்.