சிறு பதிப்பும் புதிய எழுத்தும்: கொச்சிக் காயலிலிருந்து குமரிக் கரை வரை

முன்னுரை

கொச்சிக் காயலின் தீவுகளுள் ஒன்று வல்லார்பாடம். 2004ஆம் ஆண்டில் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்படும் வரை அத்தீவினர் எர்ணாகுளத்திற்குப் படகிலேயே சென்று வந்தனர். இக்காயற்கரையிலுள்ள கொச்சியில் 1579இல் 'கிரிசித்தியானி வணக்கம்' என்னும் தமிழ் நூல் அச்சாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டில் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களில் வெளிவந்திருந்தது. இரண்டும் அண்டிரிக் அடிகளாரின் முயற்சியால் போர்த்துக்கீசியத்திலிருந்து தமிழாக்கப் பெற்றவை. இந்திய மண்ணில் தமிழ் அச்சு, சிறிய அச்சகமொன்றில், மொழிபெயர்ப்பாகவே தொடங்கியது என்பது இதனால் விளங்கும்.

அந்நூல்களுக்குத் திருச்சபை என்னும் ஆயத்தமான வாசகர் கூட்டம் இருந்தது. மரபை மீறிய கதைக்கும் கவிதைக்கும் அத்தகைய ஆதரவு இல்லை. அவை வாசகரை எவ்வாறு சென்றடைந்தன என்பதும், அதனால் மொழிக்கு விளைந்தது யாது என்பதும் இங்கு ஆராயப்படுகின்றன.

எர்ணாகுளத்துப் புத்தகக் கடை

வைக்கம் முகம்மது பஷீர் (1908-1994) எர்ணாகுளத்தில் தம் நூல்களைத் தாமே சுமந்து சென்று விற்றவர். பின்னர் அங்கே புத்தகக் கடையும் நடத்தினார். 1943இல் வெளிவந்த அவருடைய 'பிரேமலேகனம்' திருவிதாங்கூர் அரசால் தடைசெய்யப்பட்டது. எழுதியவரே விற்பவராகவும் இருந்தமையால் வாசகர் பேசும் மொழி அவருக்கு நாள்தோறும் செவிப்பட்டது எனலாம்.

'என் பாட்டனாருக்கு ஓர் ஆனை இருந்தது' எனப் பொருள்படும் அவரது 1951ஆம் ஆண்டுப் புதினத்தின் தலைப்பு இவ்வகையில் கருதத்தக்கது. 'என்' என்னும் பொருளுடைய சொல்லின் முதல் உயிர் பேச்சில் தேய்ந்து, மெய்யொலியிலேயே தலைப்புத் தொடங்குகிறது. இறுதி வினைமுற்றும் சுருங்கி முன்சொல்லோடு ஒன்றுகிறது. மெய் தனித்து மொழிமுதலாகாது என்பது தமிழ் எழுத்து மரபாதலின், அவ்வடிவை அப்படியே தமிழில் எழுதுதல் இயலாது. மொழிபெயர்ப்பாளர் அதற்கு ஈடான பிறிதொரு பேச்சு வழக்கைத் தேட வேண்டியவராகிறார்.

சென்னையில் 'எழுத்து'

தமிழில் இதே வழியில் நடந்தவர் சி. சு. செல்லப்பா (1912-1998). 1959 ஜனவரியில் அவர் தொடங்கிய 'எழுத்து', 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்ற வரையறையுடன் வெளிவந்து 1970இல் நின்றது. எழுத்து பிரசுரத்தின் 'புதுக்குரல்கள்' (1962) என்னும் தொகுப்பு புதுக்கவிதையைத் தனி நூலாக வாசகர் முன் வைத்தது. நூற்கட்டுகளுடன் கல்லூரிதோறும் சென்று அவர் விற்றதன் பயனாக, அக்கவிதைகள் அவற்றை முதலில் ஏற்க மறுத்த கல்விக் கூடங்களையே எட்டின. 1997இல், 85ஆம் வயதிலும், 'சுதந்திர தாகம்' என்னும் புதினத்தை மூன்று தொகுதிகளாகத் தாமே வெளியிட்டார். அதற்குச் சாகித்திய அகாதெமி விருது 2001இல், அவர் மறைவுக்குப் பின்னரே கிட்டியது.

குமரிக் கரை

தேங்காப்பட்டினத்தில் பிறந்த தோப்பில் முகமது மீரானின் (1944-2019) 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் ஆசிரியராலேயே நூலாக வெளியிடப்பட்டது. மலையாளமும் அரபுச் சொற்களும் விரவிய குமரி மாவட்ட முஸ்லிம்களின் பேச்சு அதில் உரையாடலாக முழு அளவில் இடம்பெற்றது. பெருவாரி வாசகரை நோக்கிய பதிப்பாயின், பொதுவழக்கிற்கு ஏற்பத் திருத்தும் அழுத்தம் இயல்பாக எழுந்திருக்கும்.

இதன் பயன் மொழிபெயர்ப்பிலும் காணத்தக்கது. மாப்பிள்ளை வழக்கில் அமைந்த பஷீரின் உரையாடலைத் தமிழாக்குவோர்க்கு, அச்சேறிய தமிழ் முஸ்லிம் வழக்கொன்று முன்மாதிரியாகக் கிடைத்தது. பஷீரின் நூல்கள் பலவற்றைத் தமிழாக்கிய குளச்சல் யூசுப் அதே கடற்கரையைச் சேர்ந்தவர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

அகராதியும் சிறு பதிப்பும்

1974இல் சென்னையில் தோன்றிய க்ரியா, 'அந்நியன்' (1980) புதினத்தைப் பிரெஞ்சிலிருந்தும் 'விசாரணை' (1992) புதினத்தை ஜெர்மனிலிருந்தும் நேரடியாகத் தமிழாக்கி வெளியிட்டது. அதே பதிப்பகம் 1992இல் தற்காலத் தமிழ் அகராதியையும் கொணர்ந்தது. புதிய உரைநடையை வெளியிட்ட இடத்திலிருந்தே அதன் சொற்களை விளக்கும் நூலும் தோன்றியது தற்செயலன்று.

முடிவுரை

வழக்கிலுள்ள ஒரு சொல் பெரும்பாலும் முதலில் சிறு பதிப்பிலேயே எழுத்து வடிவம் பெறுகிறது. ஆயினும் குறைந்த படிகளே அச்சாவதால், நூலகங்களை எட்டாமல் அழிவதற்கு வாய்ப்பு மிகுந்தவையும் அந்நூல்களே. பெரும் புழக்கமுள்ள இதழ்களை மட்டும் சான்றாகக் கொண்டு தொகுக்கப்படும் சொல்வங்கியில் தேங்காப்பட்டினத்துப் பேச்சு இடம்பெறாது. எனவே ஆசிரியர் தாமே வெளியிட்ட நூல்களின் முதற்பதிப்புகளை வட்டாரந்தோறும் தேடித் தொகுத்தல் மொழியியலாளரும் மொழிபெயர்ப்பாளரும் இணைந்து மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.