கறுப்பின நாடக விழாக்களும் தமிழ்நாட்டின் ஒடுக்கப்பட்டோர் கலைவிழாக்களும்

ஒடுக்கப்பட்ட மக்கள் தங்கள் நாடகத்தையும் இசையையும் தாங்களே மேடையேற்றும் விழாக்கள் 20ஆம் நூற்றாண்டில் உலகின் பல பகுதிகளில் தோன்றின. அமெரிக்காவின் தேசியக் கறுப்பின நாடக விழா அவற்றுள் பெயர்பெற்ற ஒன்று. தமிழ்நாட்டில் மதுரையின் தலித் கலைவிழா முதல் சென்னையின் ‘மார்கழியில் மக்களிசை’ வரையிலான விழாக்கள் இதே வகையைச் சேர்ந்தவை. இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதும், அவை எழுப்பும் ஒரு கேள்வியைத் திருவண்ணாமலை மாவட்டத்தின் எடுத்துக்காட்டுகளோடு பொருத்திப் பார்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்க மேடையும் கறுப்பின மக்களும்

1821இல் நியூயார்க் நகரில் வில்லியம் அலெக்சாண்டர் பிரவுன் என்பவர் ‘ஆப்பிரிக்கன் குரோவ்’ என்ற நாடக அரங்கை நடத்தினார். அடிமைமுறை நடப்பிலிருந்த அந்நாட்டில் கறுப்பின நடிகர்கள் ஷேக்ஸ்பியரின் நாடகங்களை நடித்தார்கள். வெள்ளையரின் கலவரங்களாலும் காவலர்களின் தொல்லையாலும் அந்த அரங்கு சில ஆண்டுகளுக்குள் மூடப்பட்டது. அக்காலத்தில் வளர்ந்த நடிகர் ஐரா ஆல்ட்ரிட்ஜ் தாய்நாட்டில் வாய்ப்பின்றி ஐரோப்பாவுக்குச் சென்று, அங்கே புகழ்பெற்றார்.

அதே காலத்தில் இன்னொரு வகை மேடை பெருகியது. வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பின மக்களைச் சோம்பேறிகளாகவும் கோமாளிகளாகவும் காட்டினார்கள். 1830களில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளை நடிகர் ஆடிய ‘ஜிம் குரோ’ என்ற வேடம் பெரும் வரவேற்பைப் பெற்றது. பிற்காலத்தில் கறுப்பின மக்களைப் பள்ளியிலும் பேருந்திலும் பிரித்துவைத்த சட்டங்களுக்கு இந்த வேடத்தின் பெயரே வழங்கலாயிற்று. மேடையில் உருவாக்கப்பட்ட இழிவு சட்டத்தின் பெயராகவே மாறியது. ஆகவே மேடையைக் கைப்பற்றுவது கறுப்பின மக்களுக்கு அரசியல் தேவையாக இருந்தது.

டூ பாய்ஸ் வகுத்த நான்கு அளவுகோல்கள்

கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. இ. பி. டூ பாய்ஸ் 1926இல் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் ‘கிரிக்வா’ என்ற நாடகக் குழு தோன்றக் காரணமாக இருந்தார். நூலகம் ஒன்றின் நிலவறையில் அக்குழு நாடகங்களை நடத்தியது. கறுப்பின நாடகத்துக்கு அவர் நான்கு அளவுகோல்களை முன்வைத்தார். நாடகம் அம்மக்களின் வாழ்வைப் பற்றியதாக இருக்க வேண்டும். அவர்களால் எழுதப்பட வேண்டும். அவர்களுக்காக நடத்தப்பட வேண்டும். அவர்கள் வாழும் இடத்துக்கு அருகில் நடக்க வேண்டும்.

பின்னர் வந்த விழாக்களை இந்த நான்கையும் கொண்டு மதிப்பிடலாம். 1966இல் செனகல் நாட்டின் டக்கார் நகரில், கவிஞரும் குடியரசுத் தலைவருமான செங்கோர் முதலாவது உலகக் கறுப்பினக் கலைவிழாவை நடத்தினார். இரண்டாவது பெருவிழா 1977இல் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் நடந்தது. இவை அரசுகள் நடத்திய விழாக்கள்.

அமெரிக்காவில் லேரி லியோன் ஹாம்லின் என்ற நாடகக் கலைஞர் 1979இல் வட கரோலினா மாநிலத்தின் வின்ஸ்டன்-சேலம் நகரில் கறுப்பின நாடகக் குழு ஒன்றைத் தொடங்கினார். நாடெங்கும் இத்தகைய குழுக்கள் பணமின்றியும் ஒன்றையொன்று அறியாமலும் நலிந்துவந்ததைக் கண்ட அவர், 1989இல் தேசியக் கறுப்பின நாடக விழாவைத் தொடங்கினார். எழுத்தாளர் மாயா ஆஞ்சலோ அதன் முதல் தலைவராக இருந்து துணைநின்றார். முதல் விழாவில் 17 குழுக்கள் கலந்துகொண்டன. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் இவ்விழாவை ஒட்டி, நியூயார்க்கைப் போன்ற பெருநகரமல்லாத ஓர் ஊர் கறுப்பின நாடகத்தின் கூடுமிடமாக மாறியது.

இந்தியாவுடனான தொடர்பு

கறுப்பின இயக்கத்துக்கும் இந்தியாவின் சாதி எதிர்ப்பு இயக்கத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1946இல் அம்பேத்கர், டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த மனுவின் படியைக் கேட்டார். டூ பாய்ஸும் பரிவுடன் பதில் எழுதினார். 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசால் முதலிய இளம் எழுத்தாளர்கள் தொடங்கிய ‘தலித் பேந்தர்ஸ்’ இயக்கம், அமெரிக்காவின் ‘பிளாக் பேந்தர்’ கட்சியைப் பார்த்தே பெயர் சூட்டிக்கொண்டது.

பறை: விடுவதா, எடுப்பதா?

தமிழ்நாட்டில் இந்த வரலாற்றின் மையத்தில் நிற்பது பறை. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் சேர்க்கிறது. புறநானூற்றின் 335ஆம் பாடல் பறையர் குடியைப் பாணர் குடியோடு சேர்த்து மதிப்புடன் சொல்கிறது. பிற்காலத்தில் இக்கருவி சாவு வீட்டுக்கு உரியதாக ஒதுக்கப்பட்டது. அதை அடிப்பது ஒரு சாதியின் கட்டாய ஊழியமாயிற்று. அச்சாதியின் பெயர் ஆங்கிலத்துக்குச் சென்று, ஒதுக்கப்பட்டவரைக் குறிக்கும் பொதுச்சொல்லாகவும் ஆனது. ஜிம் குரோவின் கதை போலவே இங்கும் கலையோடு தொடர்புடைய ஒரு பெயர் இழிவின் பெயராக மாற்றப்பட்டது.

இதனால் தலித் இயக்கங்களுக்குள் இரண்டு நிலைப்பாடுகள் எழுந்தன. பறையடிப்பது அடிமை வேலை, அதை விட்டுவிட வேண்டும் என்றது ஒன்று. பல ஊர்களில் இளைஞர்கள் சாவுக்குப் பறையடிக்க மறுத்தார்கள். அதற்காகத் தாக்குதல்களையும் ஊர்விலக்கத்தையும் எதிர்கொண்டார்கள். கருவியின் மீது குற்றமில்லை, கட்டாயமே குற்றம். எனவே பறையை மேடைக்குக் கொண்டுவர வேண்டும் என்றது மற்றொன்று. மறுக்கும் உரிமை இருந்தால்தான் விரும்பி வாசிப்பதற்குப் பொருள் உண்டு என்பதால், இரண்டாவது நிலைப்பாடு முதலாவதன் மேல்தான் நிற்கிறது.

தலித் கலைவிழாக்கள்

1990களில் மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம் தலித் கலைவிழாவை நடத்தத் தொடங்கியது. பறையாட்டம், நாட்டுப்புறப் பாடல், வீதி நாடகம் ஆகியவை அங்கு இடம்பெற்றன. அக்கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்ற பெயரில் நாட்டுப்புற மெட்டில் விடுதலைப் பாடல்களை இயற்றினார். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு தலித் பெண்களுக்குப் பறை கற்பித்தது. ஆண்களே அடித்துவந்த கருவியைப் பெண்கள் தோளில் மாட்டி ஆடியது சாதியோடு ஆண் ஆதிக்கத்தையும் கேள்விக்கு உட்படுத்தியது.

நாடகத் துறையில் முன்னோடி கே. ஏ. குணசேகரன் (1955–2016). சிவகங்கைப் பகுதியில் பிறந்த இவர், ‘தன்னானே’ கலைக்குழுவின் வழியாக நாட்டுப்புறப் பாடல்களை மேடைகளுக்குக் கொண்டுசென்றார். இவருடைய ‘பலி ஆடுகள்’ தமிழின் முதல் தலித் நாடகமாகக் கருதப்படுகிறது.

2007இல் தொடங்கிய சென்னை சங்கமம், பொங்கல் நாட்களில் நாட்டுப்புறக் கலைஞர்களை நகரின் பூங்காக்களுக்கும் தெருக்களுக்கும் அழைத்து வந்தது. இது ஒடுக்கப்பட்டோருக்கென நடத்தப்பட்ட விழா அல்ல. ஆனாலும் பறைக்குழுக்களுக்குப் பெரிய பார்வையாளர் கூட்டத்தைப் பெற்றுத் தந்தது.

மார்கழியில் மக்களிசை

சென்னையில் மார்கழி என்றால் சபாக்களின் கச்சேரிக் காலம். 1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் தொடர்ச்சியாக 1928இல் மியூசிக் அகாடமி தொடங்கப்பட்டது. அதிலிருந்து வளர்ந்த டிசம்பர் இசைவிழாவில் பறைக்கும் ஒப்பாரிக்கும் கானாவுக்கும் இடமில்லை.

திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித் தொடங்கிய நீலம் பண்பாட்டு மையம் இந்த நிலையை எதிர்கொண்டது. 2018 ஜனவரியில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவின் முதல் நிகழ்ச்சி சென்னையில் நடந்தது. அயோத்திதாசப் பண்டிதர் வலியுறுத்திய ‘சாதியில்லாத தமிழர்’ என்ற கருத்திலிருந்து இப்பெயர் எடுக்கப்பட்டது. கானா, பறை, ராப், ராக் ஆகியவை அதில் கலந்தன. ராப் கறுப்பின இளைஞர்கள் நியூயார்க்கின் தெருக்களில் உருவாக்கிய இசை. கானா வடசென்னையின் உழைக்கும் மக்களிடையே, பெரிதும் சாவு வீடுகளில் வளர்ந்த பாட்டு. இக்குழுவின் இசைவாணி, ஆண்களே பாடிவந்த கானாவைப் பாடும் பெண்ணாக அறியப்பட்டு, 2020இல் பிபிசி வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

2018 டிசம்பரில் ‘வானம்’ கலைவிழாவும், 2020 டிசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’யும் தொடங்கின. சபாக்களின் மாதத்தையே தேர்ந்தெடுத்தது இவ்விழாவின் மையக் கருத்து. 2021இல் மதுரை, கோவை, சென்னை ஆகிய நகரங்களில் இது நடந்தது.

நான்காவது அளவுகோல்: அருகில்

டூ பாய்ஸின் முதல் மூன்று அளவுகோல்களை இவ்விழாக்கள் பெருமளவு நிறைவு செய்கின்றன. நான்காவதான ‘அருகில்’ என்பதே கடினமானது. நகர மேடையில் கைத்தட்டல் பெறும் கலைஞர், தன் ஊர்த் திருவிழாவில் எங்கே நிற்கிறார்?

அருகில் நடக்கும் விழாக்களுக்குத் திருவண்ணாமலையில் மரபு உண்டு. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் விடிய விடிய நடத்திய கலை இலக்கிய இரவுகளுக்கு இவ்வூர் பெயர்பெற்றது. பாட்டும் நாடகமும் கட்டணமின்றித் திறந்த வெளியில் நடந்தன. இம்மாவட்டத்தின் செய்யாறு அருகேயுள்ள புரிசை தெருக்கூத்துக்குப் புகழ்பெற்ற ஊர். புரிசைத் தம்பிரான்களின் கூத்தால் ஈர்க்கப்பட்டே ந. முத்துசாமி 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். கண்ணப்ப தம்பிரானின் நினைவாகப் புரிசையில் நடக்கும் நாடக விழாவுக்கு நகரத்தார் கிராமத்தைத் தேடி வருகிறார்கள். புரிசைக் கூத்து தலித் கலைவிழா அல்ல. எனினும், தாழ்வாகக் கருதப்பட்ட ஒரு கலை தன் ஊரிலேயே மதிப்பைப் பெற முடியும் என்பதற்கு அது சான்று.

அதே மாவட்டத்தில்தான் தண்டராம்பட்டு அருகேயுள்ள தென்முடியனூர் இருக்கிறது. அங்குள்ள முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் பல்லாண்டுகளாக அனுமதிக்கப்படவில்லை. 2023 ஜனவரி 30 அன்று மாவட்ட ஆட்சியரும் காவல்துறையினரும் உடன்வர அவர்கள் உள்ளே சென்று வழிபட்டார்கள். சென்னையில் மக்களிசை விழா தொடங்கி அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மேடையில் பறையை ரசிக்கும் சமூகம், அதை அடிப்பவரை ஊர்க்கோயிலுக்குள் விடக் காவலர் துணை வேண்டியிருக்கிறது. விழாக்களால் மட்டும் இந்த இடைவெளியை மூட முடியாது. ஆனால் கலைஞரின் கூலியையும் பெயரையும் தன்மதிப்பையும் அவை உயர்த்துகின்றன. கட்டாய ஊழியத்தை மறுக்கும் துணிவையும் தருகின்றன. இனிவரும் விழாக்கள் மாவட்டத் தலைநகரங்களுக்கும், அங்கிருந்து கிராமத் திடல்களுக்கும் செல்லும்போதுதான் நான்காவது அளவுகோலும் நிறைவேறும்.