மிதிகட்டை வந்த வழி

மலேசியாவின் பாசிர் பெனம்பாங் ஆற்றங்கரையில் நிற்கும்போது எங்கிருந்தோ திருவிழா ஒலிபெருக்கிப் பாட்டு கேட்டால், தூரத்துக்கு வந்து சேர்வது ‘தும் தும்’ மட்டும்தான். கிட்டப் போகப் போகத்தான் ஜால்ராவும் பாடகியின் குரலும் தெளியும். பாட்டின் மேல் ஒலிகளைத் தூரம் வடிகட்டிவிடுகிறது. மேடையில் கீபோர்டு வாசிப்பவர் அந்தத் தூரத்தைக் காலாலேயே கூட்டிக் குறைக்கிறார். அவர் காலடியில் கிடக்கும் மிதிகட்டை சுற்றாத ஊரெல்லாம் சுற்றி வந்தது.

பாரிசில் அலெக்சாந்தர் டெபாங் 1842இல் காப்புரிமை பெற்ற ஆர்மோனியத்துக்குக் காற்று கொடுத்தது கால்தான். இரண்டு கையும் கட்டைகளுக்கே. இந்தியாவில் சம்மணமிட்டு வாசிக்கிறவருக்குக் கால்மிதி எதற்கு? கல்கத்தாவின் துவாரகநாத் கோஷ் 1875இல் துருத்தியைப் பெட்டியின் பின்பக்கம் வைத்து இடக்கையிடம் ஒப்படைத்தார். ஒரு கை வாசிக்க, மறு கை மூச்சுக் கொடுக்க என்றானது. தமிழ் நாடக மேடை மட்டும் கால் ஆர்மோனியத்தை விடவில்லை. மைக் இல்லாத காலத்தில் உச்சத்தில் பாடும் ராஜபார்ட்டுக்கு ஈடுகொடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. அந்த நாடகக் கம்பெனிகள் கப்பலேறி மலாயாவுக்கும் வந்து போயின.

ஆர்மோனியத்தின் மேல் ஒரு தீராத குற்றச்சாட்டு உண்டு: சுரத்தை வளைக்காது, கமகம் வராது. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதை ஒதுக்கியே வைத்தது. மின்னணு கீபோர்டு இதற்கு ‘பிட்ச் பெண்ட்’ சக்கரத்தால் பதில் சொன்னது. கே. சத்யநாராயணன் அதில் கர்நாடகக் கச்சேரியே செய்கிறார். ஆனால் சக்கரத்தை உருட்ட இடக்கை போய்விடும். ஒலியை ஏற்றி இறக்க மிச்சமிருப்பது கால்தான்.

காலால் ஒலியின் நிறத்தையும் மாற்றும் ‘வா வா’ மிதி பிறந்ததே ஒரு சிக்கன முயற்சியால். கலிபோர்னியாவின் தாமஸ் ஆர்கன் நிறுவனத்தில் 1966இல், ஆம்ப்ளிஃபயரின் விலை கூடிய சுவிட்சுக்குப் பதில் மலிவான திருகுமிழ் ஒன்றைப் பொருத்திப் பார்த்தார் பிராட் பிளங்கெட். திருகத் திருக ஒலி ‘வா… வா…’ என்றது. அந்த மின்சுற்றை வாக்ஸ் ஆர்கனின் வால்யூம் மிதிக்குள் வைத்தார்கள். ஆர்கன் மிதி இப்படிக் கிட்டார்காரர்களின் ‘வா வா’ பெடலானது.

கீபோர்டுக்கு அந்த மிதி முழு உரிமையோடு திரும்பியது, மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசும் ‘மிடி’ (MIDI) முறையால். 1983 ஜனவரியில், அமெரிக்காவின் ‘நாம்’ (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் நிறுவனத்தின் புரோஃபெட்-600ஐயும் ரோலண்டின் ஜூபிட்டர்-6ஐயும் ஒரே கம்பியில் இணைத்துக் காட்டினார்கள். அன்று முதல் மிதியின் அசைவு வெறும் எண். 64ஆம் எண் கட்டளை சுரத்தை நீட்டும், 11 ஒலியை ஏற்றி இறக்கும், பல கருவிகளில் 74, மேல் ஒலிகளை வடிகட்டும் ஃபில்டரைத் திறந்து மூடும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 127 வரை 128 படிகள். ஃபில்டர் வெட்டும் எல்லையில் ஒலியை எடுப்பாக்கும் ‘ரெசனன்ஸ்’ அதிகமாக இருந்து காலும் அவசரப்பட்டால், சில கருவிகளில் அந்தப் படிகள் ‘கரகர’வென்று காதிலேயே கேட்கும்.

நாதஸ்வர டோனில் மிதியின் வேலையைச் சோதித்துப் பாருங்கள். மிதியைத் தொடாமல் வாசித்தால், ஒரே அளவில் ஊதும் பொம்மைச் சத்தம். சுரம் தொடங்கும்போது பாதி மூடி, நீளும்போது மெல்லத் திறந்து, முடிவில் இறக்கினால், சீவாளிக்குப் பின்னால் ஒரு ஆள் மூச்சு விடுவது போலிருக்கும். டோனை மாற்றியதால் வந்ததல்ல இது. கணுக்கால் செய்த வேலை.

ஆகவே, புதிதாக இசைக்குழுவில் சேரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு சொல்: அடுத்த கீபோர்டுக்குக் காசு சேர்க்கும் முன் ஒலியை ஏற்றி இறக்கும் நல்ல எக்ஸ்பிரஷன் பெடல் ஒன்று வாங்குங்கள். வாங்குமுன் அது உங்கள் கீபோர்டுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். உள்ளே கம்பி இணைப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மேடையில் அது நழுவாமல் டேப் ஒட்டுங்கள். பவர் போடும்போது சுரத்தை நீட்டும் சஸ்டைன் மிதியில் கால் வைக்காதீர்கள். பல கீபோர்டுகள் அந்த நிலையையே ‘விட்ட நிலை’ என்று எடுத்துக்கொள்ளும். பிறகு மிதித்தால் சுரம் நிற்கும், விட்டால் நீளும்.